ரெண்டு மூக்கு ஓட்டையும் ஒரே அளவா இருக்கணுமா? மூக்கு ஆபரேஷனின் கதை

1/
மூலக்குளத்துல எங்க வீட்டுப் பக்கம் இருக்கிற பொண்ணு. வயசு 23. ஆயாவுக்கு பி.பி. பார்க்கணும்னு கூட்டிட்டு வந்தா. பார்த்து முடிச்சதும் ஆயாவை வெளியே உட்கார வெச்சிட்டு, ஃபோனை எடுத்து ஒரு செல்ஃபியைப் பெருசாக்கிக் காட்டினா.

"சார், இந்தப் பக்க மூக்கு ஓட்டை சின்னதா இருக்கு பாருங்க. ஆபரேஷன் பண்ணா சரியாயிடுமா? ஒன்றரை லட்சம் சொல்றாங்க. சீட்டுப் பணம் இருக்கு."

ஃபோன்ல தெரிஞ்சது. எதிர்ல இருந்த முகத்துல நான் தேட வேண்டியிருந்தது.

2/
நான் பிளாஸ்டிக் சர்ஜன் இல்ல. எம்.பி.பி.எஸ். முடிச்சிட்டு அரசு ஆஸ்பத்திரியில வேலை பார்க்கிறவன். அதனால "பண்ணு", "பண்ணாத"ன்னு உடனே சொல்லல. ஆனா இந்த ஆபரேஷனுக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கு. அது தெரிஞ்சா முடிவெடுக்கிறது கொஞ்சம் சுலபமாகும். அவளுக்குச் சொன்னதை விரிவா இங்கே எழுதுறேன். (அவகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன். அடையாளங்களை மாத்தியிருக்கேன்.)

3/
"நாலு பேர் முன்னாடி மூக்கறுத்துட்டான்"னு நாம சொல்றோம் இல்லையா? ஒரு காலத்துல அது வெறும் பேச்சு இல்ல, உண்மையான தண்டனை. சூர்ப்பணகை கதை எல்லாருக்கும் தெரியும். வரலாற்றிலும் நடந்திருக்கு. 1650-களின் பிற்பகுதியில், திருமலை நாயக்கரின் கடைசிக் காலத்தில், மைசூர்ப் படைக்கும் மதுரைப் படைக்கும் நடந்த போருக்கு "மூக்கறுப்புப் போர்"னே பேர். மைசூர் வீரர்கள் பிடிபட்டவங்களோட மூக்கை அறுத்தாங்க. சேதுபதியின் உதவியோட மதுரைப் படை திருப்பி அதையே செஞ்சது.

4/
உயிரை எடுக்காம ஏன் மூக்கை எடுத்தாங்க? மூக்கில்லாதவன் வாழ்நாள் முழுக்க அவமானத்தை முகத்துல சுமந்துட்டுத் திரியணும். எங்க போனாலும் "இவன் தண்டனை வாங்கினவன்"னு தெரியும்.

இவ்வளவு மூக்குகள் அறுபட்ட நாட்டுல, மூக்கை ஒட்ட வைக்கிற வித்தையும் வளர்ந்தது.

5/
சுமார் 2,000 வருஷப் பழமையான சுசுருத சம்ஹிதையில் இதுக்கு முறை இருக்கு. போன மூக்கின் அளவுக்கு ஒரு இலையை வெட்டணும். அந்த அளவுல கன்னத்துத் தோலை, ஒரு பக்கம் ஒட்டியிருக்கும்படியே எடுத்து மூக்கின் மேல பொருத்தணும். மூச்சுப் போக ரெண்டு சிறு குழாய்களை உள்ளே வைக்கணும்.

ஒட்டியிருக்கும்படி எடுக்கிறதுதான் சூட்சுமம். அந்த இணைப்பு வழியா ரத்த ஓட்டம் இருந்தாத்தான் தோல் உயிரோட இருக்கும். இன்னைக்கும் பிளாஸ்டிக் சர்ஜரியின் அடிப்படைப் பாடங்கள்ல இது ஒண்ணு.

6/
அடுத்து 18-ஆம் நூற்றாண்டு. கவாஸ்ஜி என்கிற மாட்டுவண்டிக்காரர் ஆங்கிலேயப் படைக்கு வண்டி ஓட்டினவர். 1792 போர்ல திப்பு சுல்தான் படையிடம் சிக்கினார். மூக்கும் ஒரு கையும் போச்சு. ஒரு வருஷத்துக்கு மேல மூக்கில்லாமலே இருந்தார். பிறகு புனே பக்கம் ஒருத்தர் அவருக்குப் புது மூக்கு வெச்சார். செஞ்சவர் செங்கல் செய்யும் சாதியைச் சேர்ந்தவர்னு பதிவு இருக்கு. பட்டம் கிடையாது, பரம்பரைக் கைத்தொழில்.

7/
முறை இதுதான். மெழுகுல மூக்கு மாதிரி செஞ்சு பார்த்து, அதைத் தட்டையாக்கி நெத்தியில வெச்சுக் கோடு போடணும். அந்த அளவுக்குத் தோலை உரிச்சு, ரெண்டு கண்ணுக்கு நடுவுல மட்டும் இணைப்பை விட்டு, திருப்பிக் கீழே கொண்டுவரணும். ஒட்ட வைக்கக் காசுக்கட்டிக் குழம்பு. பத்தாம் நாள் வாக்குல மூக்கு ஓட்டை மூடிக்காம இருக்க மெல்லிய துணியைத் திணிப்பாங்க. 25-ஆம் நாள் வாக்குல இணைப்பை வெட்டுவாங்க. மயக்க மருந்து கிடையாது. அதெல்லாம் இன்னும் 50 வருஷம் கழிச்சுத்தான்.

8/
இந்தச் செய்தி 1794 அக்டோபரில் லண்டனின் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' இதழில் படத்தோட வெளிவந்தது. அதைப் பார்த்த ஜோசப் கார்ப்யூ என்கிற ஆங்கிலேய சர்ஜன் பல வருஷம் பிணங்கள்ல பழகி, 1814-ல் நிஜ நோயாளிக்குச் செஞ்சார். 1816-ல் புத்தகமாவும் போட்டார். அங்கிருந்து ஐரோப்பா முழுக்கப் பரவுச்சு. இந்த நெத்தித் தோல் முறையை உலகம் இன்னும் "இந்திய முறை"ன்னுதான் சொல்லுது.

இதுவரைக்கும் வந்தவங்க எல்லாருமே மூக்கை இழந்தவங்க. இதை மனசுல வெச்சுக்கோங்க.

9/
19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கதை திரும்புது. 1887-ல் அமெரிக்காவின் ஜான் ரோ, வெளியே தழும்பு தெரியாம மூக்குக்குள்ள இருந்தே வடிவத்தைத் திருத்தும் முறையை எழுதினார். 1898-ல் பெர்லினில் ஜாக் ஜோசப் ஒரு ஆளின் பெரிய மூக்கைச் சின்னதாக்கினார். அந்த ஆளுக்கு மூச்சுல கோளாறு இல்ல. ஊரார் பார்வைக்குக் கூச்சப்பட்டு வெளியே வரவே தயங்கினவர். மனசு படும் பாடும் நோய்தான், அதுக்கும் கத்தி வைக்கலாம்னு ஜோசப் வாதாடினார்.

10/
வாதத்துல நியாயம் இருக்கு. ஆனா இன்னொண்ணையும் பாருங்க. ஜோசப் ஒரு யூதர். அவர்கிட்ட வந்தவங்கள்ல நிறைய பேர் யூதர்கள். "யூத மூக்கு"ன்னு கேலி பண்ணின சமூகத்துல, கேலியில இருந்து தப்பிக்க மூக்கை மாத்திக்கிட்டாங்க. 1933-ல் நாஜிகள் வந்தப்போ மாத்தின மூக்கு யாரையும் காப்பாத்தல. மூக்குல இருந்தது குறையா, இல்ல பார்த்தவன் கண்ணுல இருந்ததா?

11/
நம்ம புதுச்சேரிக்கும் இந்தக் கதையில ஒரு கண்ணி உண்டு. பீச் ரோட்டுல காந்தி சிலைக்கு எதிர்ல இருக்கிற போர் நினைவுச் சின்னம், முதல் உலகப் போர்ல பிரான்சுக்காகப் போய் இறந்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்கானது. அந்தப் போர் பல ஆயிரம் பேரோட முகத்தைச் சிதைச்சது. பாரிஸ்ல இப்போலித் மோரெஸ்தான் அந்த முகங்களைத் தைச்சார். அவர் வேலையைப் பார்த்துட்டுப் போன ஹெரால்டு கில்லீஸ், இங்கிலாந்தின் சிட்கப்பில் தன் குழுவோட சுமார் 5,000 பேருக்கு 11,000-க்கும் மேற்பட்ட ஆபரேஷன் செஞ்சார். அங்கே வார்டுல கண்ணாடி மாட்டத் தடை. நோயாளி தன் முகத்தைப் பார்த்து உடைஞ்சிடக் கூடாதுன்னு.

12/
போர் முடிஞ்சதும் அந்தத் திறமையெல்லாம் அழகுக்கும் வந்தது. பாரிஸ்ல 1928-ல் ஒரு இளம்பெண் கால் தடிமனா இருக்குன்னு மெலிய வைக்க ஆபரேஷன் பண்ணிக்கிட்டா. கால் அழுகி, வெட்டி எடுக்க வேண்டியதாப் போச்சு. 1929-ல் நீதிமன்றம் சர்ஜனுக்கு 2 லட்சம் பிராங்க் இழப்பீடு விதிச்சது. ஆரோக்கியமான உடம்புல, அழகுக்காக மட்டும், பெரிய ஆபத்துள்ள ஆபரேஷன்ல இறங்குறதே தப்புன்னு சொன்னது.

13/
பிரெஞ்சு சட்டம் அப்புறம் அவ்வளவு கறாரா இல்ல. ஆனா ஒரு நல்ல விதி இன்னைக்கும் இருக்கு. அழகு ஆபரேஷன்னா செலவு விவரத்தை எழுதிக் கொடுக்கணும். கொடுத்த பிறகு குறைஞ்சது 15 நாள் காத்திருக்கணும். நோயாளியே அவசரப்பட்டாலும் சரி.

14/
"அப்போ தோற்றத்துக்காக ஆபரேஷனே கூடாதா?"ன்னு கேட்டா, அப்படியும் இல்ல. வேலூர் சி.எம்.சி.யில் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கையையும் காலையும் சரிபண்ணினார். கை சரியாகியும் ஊர்ல வேலை கொடுக்க மறுத்தாங்க. சப்பையான மூக்கும், முடி உதிர்ந்த புருவமும் நோயைக் காட்டிக் கொடுத்தது. அதனால மூக்கையும் புருவத்தையும்கூடச் சரிபண்ணினாங்க. அது வெறும் அழகு இல்ல, பிழைப்பு. பிளவு உதட்டோட பிறந்த குழந்தையின் மூக்கைத் திருத்துறதும் அப்படித்தான்.

15/
இப்போ அந்தப் பொண்ணோட மூக்குக்கு வருவோம்.

இடதும் வலதும் அச்சு மாதிரி இருக்கிற முகம் யாருக்கும் கிடையாது. நடுத்தண்டு நூல் பிடிச்ச மாதிரி நேரா இல்லாதவங்க ஏராளம். மூக்கு ஓட்டை லேசா வித்தியாசமா இருக்கிறது நோய் இல்ல.

செல்ஃபி வேற ஏமாத்தும். 2018-ல் வந்த ஒரு ஆய்வுக் கணக்குப்படி, 12 அங்குல தூரத்துல எடுத்தா மூக்கின் அடிப்பகுதி 5 அடி தூரத்தை விட சுமார் 30 சதவீதம் அகலமாத் தெரியும்.

16/
அவளுக்குக் கொடுத்த கேள்விகள் இவை. உங்களுக்கும் உதவும்.

மூச்சு விடச் சிரமம் இருக்கா? இருந்தா முதல்ல இ.என்.டி. டாக்டரைப் பாருங்க. தண்டு வளைவு காரணம்னா அரசு ஆஸ்பத்திரியிலேயே சரிபண்ணலாம்.

அடிபட்ட பிறகு வந்ததா, இல்ல சமீபத்துல மாறிச்சா? அப்படின்னா கண்டிப்பா காட்டணும்.

யாராவது சொல்லித் தெரிஞ்சதா, நீங்களே கண்டுபிடிச்சதா?

ஒரு நாளைக்கு எத்தனை தடவை அதைப் பார்க்கிறீங்க? மணிக்கணக்கா அதே நினைப்பு, வெளியே போகவே பயம்னா அது உருவக் குறைபாட்டு மனநோயா இருக்கலாம். அதுக்குச் சிகிச்சை இருக்கு. ஆனா அதை மூக்குல தேடினா கிடைக்காது. ஆபரேஷன் முடிஞ்சும் திருப்தி வராது.

17/
இதையெல்லாம் யோசிச்ச பிறகும் வேணும்னு தோணினா, அது உங்க முகம், உங்க உரிமை. அதுல வெட்கம் ஒண்ணும் இல்ல. ஆனா தெரிஞ்சு போங்க. வீக்கம் முழுசா வடிய ஒரு வருஷம்கூட ஆகும். நூத்துக்கு 5 முதல் 15 பேர் வரைக்கும் மறுபடி ஆபரேஷன் தேவைப்படுதுன்னு கணக்குகள் சொல்லுது. நூறு சதவீதம் சமமா வரும்னு யார் சொன்னாலும் எழுந்து வந்துடுங்க. பிளாஸ்டிக் சர்ஜரி எம்.சிஎச். படிச்சவரா, மயக்க மருந்து டாக்டர் இருக்கிற ஆஸ்பத்திரியான்னு பாருங்க. "கத்தி இல்ல, ஒரே ஊசி"ன்னு பார்லர்ல போடுற ஃபில்லர் இன்னும் ஆபத்து. ரத்தக் குழாய் அடைச்சு தோல் அழுகலாம், பார்வையே போகலாம்.

18/
யார் சொன்னதுன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசல. "யாரும் சொல்லல சார். மாப்பிள்ளை வீட்டுக்கு போட்டோ அனுப்ப எடுத்தப்போ நானே பார்த்தேன். அப்புறம் அது மட்டும்தான் தெரியுது."

அவ ஃபோனை வாங்கி, அஞ்சு அடி தள்ளி நின்னு ஒரு போட்டோ எடுத்துக் கொடுத்தேன். ஒரு பக்கம் மட்டும் குத்தின மூக்குத்தி பளிச்சுனு தெரிஞ்சது. ஒரு பக்கம் மட்டும் குத்தி அதை அழகுன்னு சொன்ன ஊர் இது.

"பிரெஞ்சுக்காரன் விதிப்படி 15 நாள் காத்திரு. பணம் எங்கேயும் போகாது. அப்புறமும் வேணும்னா நல்ல சர்ஜன்கிட்ட நானே லெட்டர் எழுதித் தரேன்"னு சொன்னேன்.

19/
நேத்து ஆயாவுக்கு மாத்திரை வாங்க வந்திருந்தா. இன்னும் முடிவு பண்ணலயாம். சீட்டையும் எடுக்கலயாம். "ஆறு நாள் பாக்கி இருக்கு சார்"னு சொல்லிட்டுப் போனா.

எந்த முடிவா இருந்தாலும் யோசிச்சு எடுத்ததா இருக்கட்டும். உங்க வீட்டுல யாராவது இதே கேள்வியோட இருந்தா, இதைக் காட்டுங்க.