திருவருளே முதல்

திருக்கோயிற் குடமுழுக்குப் பெருவிழாவில் முதற்கண் நிகழ்வது அனுஞ்ஞை என்னும் கிரியையாகும். வேள்வி தொடங்குதற்கு முன், கும்பங்களில் இறைவனை எழுந்தருளுவித்தற்கு முன், ‘இச்செயலை அடியோங்கள் மேற்கொள்ளத் திருவுளம் இசைதல் வேண்டும்’ என்று இறைவன் திருமுன் விண்ணப்பித்து விடை பெறுவர். பொருள் ஈந்தோரும், கல் சுமந்தோரும், திருப்பணிக் குழுவினரும் பல்லாண்டு உழைத்து முடித்த பணியே எனினும், இறுதியில் விடைபெற வேண்டிய இடம் ஒன்றே. தம் வலிமை முன்னும் திருவருள் பின்னுமாக வைத்தெண்ணுவது உலகியல்; திருவருளை முன்வைத்துத் தம் வலிமையை அதன் பணியாக்குவது சைவநெறி. காஞ்சிமாநகரை ஆண்ட பல்லவர் வரலாற்றில் இவ்வுண்மை மும்முறை வெளிப்பட்டுள்ளது.

முதலாவது, வாதாபிப் போர். கி.பி. 642-ஆம் ஆண்டளவில் முதலாம் நரசிம்மவர்ம பல்லவனின் படை சளுக்கியர் தலைநகராகிய வாதாபியை வென்றது. திருச்செங்காட்டங்குடியிற் பிறந்து, மருத்துவநூலும் வடநூற் கலையும் படைத்தொழிலும் கற்றுத் துறைபோகிய பரஞ்சோதியார், வாதாபித் தொன்னகரம் துகளாக வென்று, மணியும் நிதியும் களிறும் பரியும் கொணர்ந்து மன்னன்முன் வைத்தார் என்பது பெரியபுராணம் தரும் செய்தி. மன்னன் அவருடைய யானைவலிமையை வியந்தான். அருகிருந்த அமைச்சரோ, இவர் சிவத்தொண்டின் உறுதி உடையவர். ஆதலின் இவரை எதிர்ப்பார் உலகில் இலர் என்று எடுத்துரைத்தனர். அதுகேட்ட மன்னன் மகிழ்ந்தானல்லன், நடுங்கினான். இறைவன் அடியாரைக் கொடிய போர்முனைக்கு ஏவிவிட்டோமே என்று வருந்திப் பொறை வேண்டினான். நிறைந்த நிதியளித்துத் தொண்டுநெறியிலேயே வாழ விடைகொடுத்தான். வெற்றிக்களிப்பில் நின்ற வேந்தன் ஒருவன் அவ்வெற்றியின் வேர் தன் வாளிலன்று என்று உணர்ந்த நேரம் அது. அப்பரஞ்சோதியாரே சிறுத்தொண்ட நாயனார்.

இரண்டாவது, காஞ்சிக் கற்றளி. கி.பி. 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டாம் நரசிம்மவர்மனாகிய இராசசிம்மன் அரசாண்டான். மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலும் பனமலைக் கோயிலும் எடுப்பித்த இம்மன்னனே, காஞ்சியில் இராசசிம்மேச்சுரம் என்னும் கயிலாசநாதர் கோயிலைக் கட்டினான். சோழர்காலத்தார் பெரிய திருக்கற்றளி எனப் போற்றிய கோயில் இதுவே. சுற்றுமதிலின் உட்புறம் வரிசையாக நிற்கும் சிற்றாலயங்களில் இவ்வேந்தனின் விருதுப்பெயர்கள் 200-க்கும் மேற்பட்டவை பொறிக்கப்பட்டுள்ளன.

இக்கோயில் விமானத்தின் அடியிலுள்ள வடமொழிக் கல்வெட்டு வியப்பான செய்தியொன்றைக் கூறுகின்றது. முன்னை யுகத்தில் துஷ்யந்தன் முதலிய மன்னர்கள் உருவற்ற வானொலியைக் கேட்டனர். நற்பண்பு அருகிய இக்கலியுகத்திலும் இம்மன்னன் அவ்வொலியைக் கேட்டது பெருவியப்பு என்பது அதன் கருத்து. ஒலி யாது கூறிற்றெனக் கல் சொல்லவில்லை. நானூறு ஆண்டுகட்குப் பின், 12-ஆம் நூற்றாண்டில் வந்த சேக்கிழார் பெருமான் பூசலார் வரலாற்றில் காடவர்கோன் கேட்ட இறைமொழியைக் கூறுகின்றார். இவ்விரண்டையும் இணைத்துக் காடவர்கோன் இராசசிம்மனே என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர்.

திருநின்றவூர்ப் பூசலார் இறைவனுக்குக் கோயிலெடுக்க விழைந்தார். எங்கும் வருந்தித் தேடியும் பொருள் சிறிதும் எய்தவில்லை. பொருளின்மையால் அவர் எண்ணத்தைக் கைவிட்டாரல்லர், உள்ளத்திலேயே சிறிது சிறிதாக நிதி திரட்டினார், தச்சரைத் தேர்ந்தார், நன்னாளில் ஆகம முறைப்படி அடிநிலை வகுத்தார், இரவிலும் கண்துயிலாது விமானமும் சிகரமும் மதிலும் குளமும் அமைத்து, நிலைபெறுவிக்க நாளும் குறித்தார். அந்நாளே காடவர்கோன் தன் கற்றளிக்குக் குறித்த நாள். முன்னிரவில் இறைவன் மன்னன் கனவில் தோன்றி, நின்றவூரில் அன்பன் நெடுநாள் நினைந்து எடுத்த ஆலயத்துள் நாளை புகுகின்றோம், நீ நின் செயலை மற்றொரு நாள் கொள்க என்று அருளினார். மன்னன் எழுந்து நின்றவூர் சென்றான். அங்குக் கோயிலில்லை. அடியாரைத் தன்பால் அழைப்பியாது தானே அவரிடம் சென்று உண்மையுணர்ந்து நிலமுற வீழ்ந்து வணங்கினான்.

இங்குக் கருதத்தக்கன இரண்டு. இறைவன் மன்னன் கோயிலை வேண்டாவென்று ஒதுக்கினாரல்லர்; நாளையே மாற்றுவித்தார். பொன்னும் பணியாளரும் பழுதல்ல. அவை முதலிடத்தில் நிற்றலே பழுது. மற்றொன்று, பூசலார் உழைப்பை விடுத்து வாளா இருந்தாரல்லர். பொருள் தேடி அலைந்தார். அது கிட்டாதபோதும் துயிலின்றிப் பணிசெய்தார். திருவருளை முற்பட நாடுதல் சோம்பலுக்கு இடமாகாது; முயற்சியின் செருக்கை நீக்குதற்கு வாயிலாகும். நாள்குறித்து அனைத்தும் ஆயத்தமாயிருந்தும், ஒரு சொல்லுக்குப் பணிந்து தன் விழாவை நிறுத்திய மன்னனும் அந்நெறியிற் பூசலாரோடு ஒத்தவனேயாவான்.

மூன்றாவது, பகைவன் வணங்கியது. வாதாபி அழிவுற்ற பழியைத் துடைக்கச் சளுக்கியர் முனைந்திருந்தனர். கி.பி. 733-இல் அரியணையேறிய இரண்டாம் விக்கிரமாதித்தன் இரண்டாம் நந்திவர்மனை வென்று காஞ்சியுட் புகுந்தான். நகரை எரியூட்டவும் கோயிற் செல்வத்தை வாரிச் செல்லவும் வல்லவன் அவன், தடுப்பாரும் இலர். ஆயினும் அவன் நகரை அழித்திலன். இராசசிம்மேச்சுரத்தின் பெருஞ்செல்வத்தைக் கண்டு அதனைக் கோயிற்கே திருப்பியளித்தான். கயிலாசநாதர் கோயில் மண்டபத் தூணிலுள்ள அவனது கன்னடக் கல்வெட்டு இதற்குச் சான்று. அவன் மைந்தன் இரண்டாம் கீர்த்திவர்மனின் கி.பி. 757-ஆம் ஆண்டு வக்கலேரிச் செப்பேடும் இதனைப் புகழ்கின்றது. விக்கிரமாதித்தன் காஞ்சியை மும்முறை வென்றதன் நினைவாக அவன் தேவி லோகமாதேவி பட்டடக்கல்லில் சிவாலயம் எடுத்தாள். நகரை வென்றவன் அந்நகர் இறைவனுக்கு முன் தலைதாழ்ந்தான்; வெற்றியின் அடையாளமும் கோயிலாகவே எழுந்தது.

வாதாபிச் சளுக்கியர் அரசு அச்செப்பேடு பொறித்த காலத்தை அடுத்தே இராட்டிரகூடர் கையில் மறைந்தது. பல்லவர் பேரரசும் 9-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சோழர் எழுச்சியால் முடிவுற்றது. காஞ்சிக் கயிலாசநாதரோ இன்றும் வழிபாடு ஏற்றருள்கின்றார். திருநின்றவூரிலும் இருதயாலீசுவரர் என்னும் திருப்பெயரோடு, உள்ளத்தில் எழுந்த கோயில் கல்லாகவும் நின்று விளங்குகின்றது.

திருப்பணிக்கு ஈந்தவர் பெயரைக் கல்லிற் பொறித்தல் தொன்றுதொட்ட மரபு. பின்வருவார்க்கு ஊக்கம் தருவதும் ஆகும். ஆயினும் இருநூறு விருதுகள் பொறித்த கோயிலுக்கு முன், ஒரு பெயரும் பொறிக்க இடமில்லாத கோயிலில் இறைவன் எழுந்தருளினான் என்பதை ஈகையாளர் ஒவ்வொருவரும் நெஞ்சிற் பொறித்தல் நலம். பெரும்பொருள் வழங்கியவரும், ஒரு செங்கல்லுக்கு உதவியவரும், யாதும் வழங்க இயலாது கண்ணீர் மல்கி நின்றவரும் கும்பநீர் சொரியும் அந்நேரத்தில் ஒரே திசையில் கைகூப்புகின்றனர். கூப்பிய கையில் வலிமை என்று காட்டுதற்கு ஒன்றுமில்லை. அந்த வெறுங்கையே திருவருளைப் பெறும் பாத்திரமாகும்.

திருச்சிற்றம்பலம்