நூகரே குடும்பத்தின் மாலைக்கண்

பிரான்சின் தென்பகுதியில், மோன்பெலியே நகருக்கு அண்மையில் வாந்தெமியான் என்றொரு சிற்றூர் உண்டு. 1637இல் பிறந்த ழான் நூகரே என்னும் இறைச்சி வணிகர் அங்கே குடியேறினார். பகலில் நன்கு பார்த்த அவருக்கு இருட்டினால் கண் தெரியாது, பிறவிக் குறை. நம் ஊரில் மாலைக்கண் என்றதும் கீரை உண்ணச் சொல்வோம். இக்குடும்பத்துக்கோ உணவு காரணமன்று.

நூகரேயின் வழிமுறையைக் குனியே என்ற மருத்துவர் 1838இல் வெளியிட்டார். 1907இல் ஆங்கிலேயரான நெட்டில்ஷிப் அதனை ஒன்பது தலைமுறைக்கு விரித்தார். அக்கொடிவழியில் நான் வியப்பது ஒன்று: இரவிலும் பார்வையுள்ள பிள்ளை மணம் புரிந்த கிளையில் அக்குறை மீண்டும் தோன்றவில்லை. குடும்பச் சாபமென்று அஞ்சி, குறையில்லாத பிள்ளைக்கும் பெண் கொடுக்க மறுப்போர் இதனை நோக்குதல் வேண்டும். 1996இல் காரணமும் தெரிந்தது: விழித்திரைக் கோலணுக்களில் ஒளிச்செய்தியைக் கடத்தும் புரதத்துக்குரிய மரபணுவில் ஓரெழுத்து மாற்றம்.