வேர்க்குழாய் சிகிச்சையில் லேசர்: கிருமிகளை அழிப்பது எப்படி?

சாமராஜநகர்: சொத்தை ஆழமாகிப் பற்கூழை எட்டிவிட்ட பல்லைப் பிடுங்காமல் காப்பதே 'ரூட் கனால்' எனப்படும் வேர்க்குழாய் சிகிச்சை. 1997-இல் மைசூரு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட சாமராஜநகர் மாவட்டத்தினருக்கு அருகிலுள்ள பல் மருத்துவக் கல்லூரிகளான ஜே.எஸ்.எஸ்., பரூக்கியா ஆகியவை மைசூரு நகரில், சுமார் 60 கி.மீ. தொலைவில் உள்ளன. சிகிச்சை தோல்வியுற்றால் அதே பயணம் மீண்டும் தொடங்கும். தோல்விக்கு முக்கியக் காரணம், குழாயினுள் எஞ்சும் கிருமிகள்.

குழாயின் சுவரான டென்டினில் 1 முதல் 2.5 மைக்ரோமீட்டர் வரை விட்டமுள்ள நுண்குழல்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. கிருமிகள் இவற்றுள் புகுந்து ஒளிந்துகொள்கின்றன. சிகிச்சை தோல்வியுற்ற பற்களில் அடிக்கடி காணப்படும் என்டரோகாக்கஸ் பீகாலிஸ், உணவின்றியும் நெடுநாள் தாக்குப்பிடிக்கக் கூடியது. குழாயைக் கழுவப் பயன்படும் சோடியம் ஹைப்போகுளோரைட், முதல் உலகப் போரில் காயங்களைக் கழுவவும் உதவிய பழைய மருந்து. இது கிருமிகளைக் கொல்வதுடன் அழுகிய திசுவையும் கரைக்கும். ஆனால் நுண்குழல்களின் ஆழம் வரை இக்கரைசல் எளிதில் சென்று சேர்வதில்லை.

லேசர் துணைக்கு வருவது இங்குதான். முதல் லேசர் 1960-இல் உருவானது. 1971-இலேயே அதனை வேர்க்குழாயில் சோதித்துப் பார்த்தனர். இன்று பயன்படும் டையோடு லேசர் (810 முதல் 980 நானோமீட்டர்), நியோடிமியம் யாக் லேசர் (1,064 நானோமீட்டர்) ஆகியவற்றின் கதிர்கள் டென்டினை ஊடுருவி, வெப்பத்தால் கிருமிகளைத் தாக்குகின்றன. சுமார் 200 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள கண்ணாடி இழையைக் குழாயினுள் செலுத்தி, சுழற்றியவாறே மெல்ல வெளியே இழுப்பர். ஒரே இடத்தில் நிறுத்தினால் ஆபத்து: வேரின் வெளிப்புற வெப்பம் 10 டிகிரி செல்சியசுக்கு மேல் உயர்ந்தால் சுற்றியுள்ள எலும்பு பாதிக்கப்படலாம்.

எர்பியம் யாக் லேசர் (2,940 நானோமீட்டர்) இயங்கும் முறை வேறு. இதன் ஆற்றலை நீர் மிகுதியாக உறிஞ்சுவதால் கரைசலில் குமிழிகள் தோன்றி வெடிக்கின்றன. அந்த அதிர்வு கரைசலை மூலை முடுக்குகளுக்குத் தள்ளுகிறது. மெத்திலீன் புளூ போன்ற சாயத்தைக் குழாயில் நிரப்பி, குறைந்த ஆற்றலுள்ள சிவப்பொளியால் அதைத் தூண்டிக் கிருமிகளைக் கொல்லும் முறையும் உண்டு.

ஆய்வகத்தில் லேசர் காட்டும் பலன், நோயாளிகளிடம் அதே அளவில் உறுதிப்படவில்லை. ஆகவே, இது கரைசலுக்குத் துணையே அன்றி மாற்று அன்று. 'வலியில்லா லேசர் ரூட் கனால்' எனும் விளம்பரமும் சற்று மிகையானது. வலியைத் தடுப்பது மரத்துப்போகச் செய்யும் ஊசியே. லேசருக்கெனக் கூடுதல் கட்டணம் கேட்கும் இடத்தில், உமிழ்நீர் புகாதவாறு பல்லைத் தனிமைப்படுத்தும் ரப்பர் உறை பயன்படுத்தப்படுகிறதா என்பதை முதலில் கேட்டறியலாம். லேசர் இயங்குகையில் மருத்துவர், நோயாளி இருவரும் அந்த அலைநீளத்திற்குரிய பாதுகாப்புக் கண்ணாடி அணிவது கட்டாயம்.

சிகிச்சைக்குப் பின் கடைவாய்ப் பல்லுக்குப் பெரும்பாலும் உறை பொருத்த வேண்டும். வலி நின்றுவிட்டதே என்று மாதேஸ்வரன் மலை போன்ற தொலைவான ஊர்களுக்குத் திரும்புவோர் இதனைத் தள்ளிப்போட்டால், மேல் அடைப்பின் விரிசல் வழியே கிருமிகள் மீண்டும் குழாயை அடையக்கூடும்.