குழற்புரியும் குண்டின் எடையும்

வேட்டை ரைபிளின் குழலினுள் திருகாகச் செதுக்கப்பட்ட பள்ளங்கள் புரி எனப்படும். அப்புரி ஒரு முழுச் சுற்றுச் சுற்றக் கொள்ளும் நீளத்தை அங்குலத்தாற் குறிப்பர். அந்நீளம் குறையக் குறையக் குண்டின் சுழற்சி மிகும். சுழற்சி போதாத குண்டு, வேகமடங்கிய பம்பரம்போலத் தலைசாய்ந்து, இலக்கட்டையிற் பக்கவாட்டாகப் பாய்ந்து நீள்துளை இடும்.

இத்துறையின் ஆதி சாஸ்திரக்காரர் ஆங்கில கணித நிபுணரான பெஞ்சமின் ராபின்ஸ் ஆவார். 1742-இல் பீரங்கிக் கலையின் புதிய தத்துவங்களைப் பற்றி நூலியற்றிய இவர், 1747-இல் புரிக்குழலின் இயல்பையும் மேன்மையையும் விளக்கி ராயல் சொஸைட்டிக்கு ஒரு கட்டுரை அளித்து, பின்னர்க் கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறியியல் தலைவராக இந்தியா போந்து, கடலூரை அடுத்த புனித டேவிட் கோட்டையில் 1751-இல் காலமானார். ஒரு நூற்றாண்டு கழித்து, 1857-இல் நிகழ்ந்த பரீட்சைகளில், 0.577 அங்குல விட்டமும் 78 அங்குலப் புரியும் உடைய என்ஃபீல்டு துப்பாக்கியை, 0.451 அங்குல விட்டமும் 20 அங்குலப் புரியும் உடைய ஜோசப் விட்வொர்த்தின் அறுகோணக் குழல் விஞ்சிற்று. குண்டின் எடை இரண்டிலும் ஏறத்தாழ 530 கிரெயினே. குழல் குறுகவே குண்டு நீண்டது. நீண்ட குண்டுக்கு விரைந்த புரி வேண்டியதாயிற்று.

ஆகவே புரியை நிர்ணயிப்பது எடையன்று, நீளமே. வுல்விச் பேராசிரியர் கிரீன்ஹில் 1879-இல் இதனைச் சூத்திரமாக்கினார்: விட்டத்தின் வர்க்கத்தை 150-ஆற் பெருக்கி நீளத்தால் வகுக்க. 0.3 அங்குல விட்டமும் 1.2 அங்குல நீளமும் உள்ள ஈயக்குண்டுக்கு 11¼ அங்குலப் புரி பொருந்தும். வேகம் மிகுந்த குண்டுகளுக்கு 150-க்குப் பதிலாக 180 கொள்வர்.

இதற்குத் தக்க திருஷ்டாந்தம் அமெரிக்காவில் 1955-இல் வெளிவந்த இரு தோட்டாக்கள். 10 அங்குலப் புரியுடைய .243 வின்செஸ்டர், மான்வேட்டைக்குரிய 100 கிரெயின் குண்டையும் செம்மையாக எய்தது. சிறு பிராணிகளைக் கருதி 12 அங்குலப் புரியுடன் வந்த .244 ரெமிங்டனோ, 90 கிரெயினுக்கு மேற்பட்ட கூர்முனைக் குண்டுகளை உறுதியாக நிலைநிறுத்தாமையால் விலைபோகவில்லை. பின்னர் 9 அங்குலப் புரியை ஏற்று, 1963-இல் 6 மில்லிமீட்டர் ரெமிங்டன் என்று பெயரையும் மாற்றிக்கொண்டபோதிலும், இழந்த சந்தை மீளவில்லை.

இக்காலத்து முழுச்செம்புக் குண்டுகள் அதே எடைக்கு ஈயக்குண்டினும் நீளமானவை. ஆதலின் விரைந்த புரியை வேண்டுவன.