ஐ.பி. கொடுக்கலாமா, பேசித் தீர்க்கலாமா? கடனில் சிக்கியவர்களுக்கு எது வழி?

"அவர் மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துட்டாராம்ல!" டீக்கடையில் யாரைப் பற்றியாவது இப்படிப் பேசக் கேட்டிருப்பீங்க. 'ஐ.பி. கொடுத்துட்டார்' என்பதும் அதேதான். 'கடனைக் கட்ட முடியலை, என்னைத் திவாலானவரா அறிவிங்க' என்று கோர்ட்டில் மனு போடுவது.

அரியமங்கலத்தில் சின்னதா லேத் பட்டறை வெச்சிருக்கிற ஒருத்தர்னு வெச்சுக்குவோம். பேங்க் லோன், ஆப் லோன், சீட்டு பாக்கி, கைமாத்து எல்லாம் சேர்த்து 8 லட்சம். ஆர்டரும் குறைஞ்சுபோச்சு. என்ன செய்வார்?

திருச்சிக்காரரான அவருக்குப் பொருந்துவது 1920-ம் ஆண்டின் மாகாண திவால் சட்டம். 2016-ல் புதிய திவால் சட்டம் வந்தாலும், கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களைத் தவிர மற்ற தனிநபர்களுக்கு அது அமலுக்கு வரவில்லை. பழைய சட்டம் எவ்வளவு பழசுன்னா, 500 ரூபாய் கடன் இருந்தாலே மனு போடலாம்!

திவால்னு கோர்ட் அறிவிச்சதும் சொத்து கோர்ட் அல்லது ரிசீவர் கைக்குப் போயிடும். உடுதுணி, சமையல் பாத்திரம், கைத்தொழில் கருவிகள் தப்பும். லேத் மெஷினும் அதில் சேருமாங்கிறதை வக்கீல்தான் வாதாடணும். 'மனைவி பேருக்கு மாத்திடலாம்'னு நினைச்சா, மனுவுக்கு முந்தைய 2 வருஷத்தில் சும்மா எழுதிக்கொடுத்ததை கோர்ட் ரத்து செய்யலாம். வீட்டை அடமானம் வாங்கிய பேங்க்கின் உரிமையும் போகாது. செக் பவுன்ஸ் கேஸ் தனியா ஓடும்.

விடுதலை உத்தரவு வாங்குறதுதான் பெரிய தலைவலி. கடனில் ரூபாய்க்கு எட்டணா அளவுக்குக்கூட சொத்து தேறலைன்னா, அதுக்குத் தான் பொறுப்பில்லைன்னு கோர்ட்டை நம்பவைக்கணும். (சட்டத்தில் இன்னும் அணாக் கணக்குதான்!) அதுவரைக்கும், திவாலானதை மறைச்சு 50 ரூபாய் கடன் வாங்கினாலும் 6 மாசம் வரை ஜெயில்.

இதே சட்டத்தில் இன்னொரு கதவும் இருக்கு. திவால் அறிவிப்புக்குப் பிறகு, 'இவ்வளவு தர்றேன், இப்படித் தர்றேன்'னு ஒரு திட்டம் கொடுக்கலாம். கடனை நிரூபிச்சு, கூட்டத்துக்கு வந்த கடன்காரர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஒத்துக்கணும்; தொகையில் முக்கால் பங்கு அவங்களுடையதா இருக்கணும். கோர்ட்டும் ஏத்துக்கிட்டா திவால் அறிவிப்பே ரத்தாகும்.

ஆனா மாசம் ஓரளவு வருமானம் வர்றவர் அந்த வாசல் வரை போகவே வேண்டாம் என்பது என் கருத்து. பேங்க்கில் தவணையை நீட்டிக்கக் கேட்கலாம். லோக் அதாலத்தில் பேசலாம். அங்கே கட்டணம் கிடையாது, தீர்ப்புக்கு அப்பீலும் இல்லை. குறைச்சுக் கட்டி முடிச்சா சிபில் ரிப்போர்ட்டில் 'செட்டில்டு'னு விழும், அடுத்த லோன் கஷ்டம். ஆனாலும் பட்டறை கையில் இருக்கும். விற்கச் சொத்தும் இல்லை, வருமானமும் இல்லைங்கிறவருக்குத்தான் ஐ.பி.

கந்துவட்டிக்காரர் மிரட்டினா கதையே வேற. 2003-ம் ஆண்டு சட்டப்படி போலீஸில் புகார் கொடுங்க. லோன் ஏஜென்ட் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் போன் பண்ணக் கூடாதுங்கிறது ரிசர்வ் வங்கி விதி.

கடன் பட்டியல், நோட்டீஸ்கள், பேங்க் ஸ்டேட்மென்ட்டோடு முதல்ல திருச்சி மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்க. பெண்கள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர், வருமான வரம்புக்குள் இருப்பவர்களுக்கு வக்கீலும் இலவசம்.