கூடைமுன் வட்டு: எந்தப் பிழைக்கு இடம் கொடுப்பது?

வட்டைக் கூடைக்குள் வீசும் டிஸ்க் கால்ஃப் ஆட்டத்தில், கூடையைச் சுற்றி 10 மீட்டர் ஆரமுள்ள பரப்புக்குத் தனி விதி உண்டு. அதற்குள் நின்று வீசுபவர், வீசிய பின்னும் தம் குறியடையாளத்துக்குப் பின்னால் தடுமாறாமல் நின்று காட்ட வேண்டும். அதன் பிறகே முன்னே அடியெடுத்து வைக்கலாம். ஓடிவந்து வீசும் வேகம் இங்கே கிடையாது. இந்த மென்வீச்சுக்கு, கூடையருகே வீசுவதற்கான 'பட்டர்' வட்டுகளில் எதைக் கைக்கொள்வது என்பது ஆட்டக்காரர்களிடையே தீராத வழக்கு. 'ஓவர்ஸ்டேபிள்' என்று அவர்கள் சொல்லும், முடிவில் ஒரு பக்கம் வலுவாகச் சாயும் வட்டை மிகைநிலை வட்டு என்றும், சாய்வு குறைந்ததை நேர்வட்டு என்றும் இங்கு குறிக்கிறேன். வீசுபவரின் பிழை எவ்வகையது என்று அறிந்தாலன்றி இவ்வழக்கைத் தீர்க்க இயலாது என்பதே என் வாதம்.

வேகம், மிதப்பு, திருப்பம், இறுதிச் சாய்வு என்ற வரிசையில் வட்டுகளுக்கு நான்கு எண்கள் தரப்படுகின்றன. இன்னோவா நிறுவனத்தின் ஏவியார் வட்டுக்கு 2, 3, 0, 1. டிஸ்கிராஃப்ட் நிறுவனத்தின் ஸோன் வட்டுக்கு 4, 3, 0, 3. கடைசி எண்ணே நம் வழக்கின் மையம்: அது பெரிதானால் மிகைநிலை வட்டு, சிறிதானால் நேர்வட்டு. வலக்கையர் புறங்கையால் வீசும் வட்டு, மேலிருந்து பார்த்தால் கடிகாரத் திசையில் சுழல்கிறது. வேகம் தணிந்து வட்டு இறங்கும்போது காற்று அதன் அடிப்புறத்தைத் தாங்குகிறது; தூக்குவிசையின் மையம் முன்னோக்கி நகர்ந்து முன்விளிம்பை மேலே தள்ளுகிறது. சுழலும் பம்பரத்தைத் தட்டினால் அது தட்டிய பக்கம் விழாமல் வேறு பக்கம் சாய்வதைப் போல, வட்டும் இடப்பக்கம் சாய்கிறது. சுழற்சி குறைந்தால் இச்சாய்வு விரைவுபடும்.

இதன் விளைவை ஓர் எளிய கணக்கில் காணலாம். தூக்குவிசை எடைக்கு இணையாக உள்ளதெனக் கொள்வோம். 10 பாகை இடச்சாய்வுடன் நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் செல்லும் வட்டு, 9 மீட்டர் கடப்பதற்குள் சுமார் 70 செ.மீ. இடப்புறம் நகரும். பழகிய கை அதற்கேற்ப வலப்புறம் குறிவைக்கும். ஆனால் வேகம் நொடிக்கு 9 மீட்டராகக் குறைந்தால் நகர்வு ஏறக்குறைய 86 செ.மீ. ஆகிறது. கை சற்றே தளர்ந்ததற்கு உயரத்தில் ஒரு தண்டனை, திசையில் 16 செ.மீ. இன்னொரு தண்டனை. எட் ஹெட்ரிக் 1977-இல் காப்புரிமை பெற்ற சங்கிலிக் கூடையின் வழிவந்த இன்றைய கூடைகளில், நடுக்கம்பத்தின் இருபுறமும் சங்கிலிக்குக் கிடைப்பது சுமார் கால் மீட்டர்தான். மட்டமாக விடப்பட்ட நேர்வட்டிலோ வேகப்பிழை பெரும்பாலும் வேகப்பிழையாகவே நின்றுவிடும்.

எனினும் நேர்வட்டுக்கும் ஒரு குறை உண்டு: கொடுத்த கோணத்தை அது அப்படியே காத்துக்கொள்ளும். விரல் விடுபடும் கணத்தில் வட்டின் வலவிளிம்பு 3 பாகை தாழ்ந்தால், அதே தொலைவில் சுமார் 21 செ.மீ. வலப்புறம் விலகும். மிகைநிலை வட்டு இந்தத் தவற்றைப் பறக்கும்போதே திருத்தப் பார்க்கும். நேர்வட்டு வேகப்பிழையைப் பொறுக்கிறது. மிகைநிலை வட்டு கோணப்பிழையைப் பொறுக்கிறது. இரண்டையும் பொறுக்கும் வட்டு இல்லை.

எதிர்காற்று இந்தச் சமன்பாட்டை மாற்றுகிறது. நொடிக்கு 10 மீட்டரில் செல்லும் வட்டை 5 மீட்டர் காற்று எதிர்த்தால், காற்றைச் சார்ந்த வேகம் 15 ஆகும். அதே கோணத்தில் தூக்குவிசை 2.25 மடங்காகும். நேர்வட்டு கூடைக்கு மேலே எழும், வலப்புறம் புரளவும் செய்யும். அங்கே மிகைநிலை வட்டே நம்பகமானது. மிதப்பும் குறைந்ததாக இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் வலப்புறமிருந்து காற்றடித்தால், இடம் சாய்ந்த வட்டின் அடிப்புறத்தில் அது மோதி இடப்புறமே தூக்கிச் செல்லும். ஆகவே "காற்றுக்கு மிகைநிலை" என்ற பொதுவிதி திசையறியாத விதி.

அமைதியான நாளொன்றில் 8 மீட்டரில் நின்று 50 முறை வீசுங்கள். தவறியவற்றை மட்டும் எழுதிவையுங்கள். கீழிடப்புறம் குவிந்தால் வேகம் தளர்கிறது: நேர்வட்டுக்கு மாறுங்கள். வட்டு வலம் சாய்ந்து வலப்புறமே தவறினால் கோணம் பிசகுகிறது: மிகைநிலை வட்டை எடுங்கள். மென்பிளாஸ்டிக் வட்டு அடிபட அடிபட இறுதிச் சாய்வை இழக்கும் என்பதால், சில மாதங்களுக்குப் பின் இச்சோதனையை மறுபடியும் செய்ய வேண்டும். என் அனுபவத்தில் 10 மீட்டருக்குள் பெரும்பாலோர் பிழை வேகத்தில்தான். எனவே தொடங்குவோர்க்கு நேர்வட்டையே முதலில் பரிந்துரைப்பேன். அதற்கு மேல் தீர்ப்புச் சொல்லும் உரிமை அந்த 50 வீச்சுகளின் குறிப்பேட்டுக்கே உண்டு.