தென்னிந்திய இரயில்வே வேலைநிறுத்தங்கள்

திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த தென்னிந்திய இரயில்வே கம்பெனியிலும், 1951இல் அதையும் இணைத்து உருவான தெற்கு இரயில்வேயிலும் நடந்த தொழிலாளர் போராட்டங்கள். சென்னை மாகாணத்தில் இரயில்வே தொழிற்சங்கங்கள் முதல் உலகப் போருக்குப் பின்னரே காலூன்றின.

இவற்றுள் பெரிதும் பேசப்படுவது 1928ஆம் ஆண்டுப் போராட்டம். நாகப்பட்டினம், போத்தனூர் பட்டறைகளின் வேலைகளைப் பொன்மலையில் எழுந்த புதிய பட்டறைக்கு மாற்றிய கம்பெனி, தொழில்திறன் சோதனை வைத்து மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கழிக்க முனைந்தது. நாகப்பட்டினம் இந்த இரயில்வே பிறந்த ஊர். 1861இல் தஞ்சாவூர்ப் பாதை அங்கிருந்துதான் புறப்பட்டது. தலைமுறையாகச் சம்மட்டி பிடித்த குடும்பங்களுக்குச் சோதனை என்ற சொல்லே அவமதிப்பாகப் பட்டது. ஜூன் இறுதியில் பட்டறைகளில் வேலை நின்றது; கம்பெனி கதவடைத்தது. பேச்சு பலிக்காமல், ஜூலை 20 முதல் பொது வேலைநிறுத்தம் பரவியது. மாயவரம் முதலிய இடங்களில் தண்டவாளத்தில் படுத்து வண்டிகளை மறித்ததாகக் குறிப்புகள் உண்டு. வண்டிகள் தடம்புரண்டதற்குத் தொழிலாளரே காரணம் என்றது அரசு, சங்கத்தார் மறுத்தனர். பத்தே நாளில், ஜூலை 30 அன்று போராட்டம் விலக்கிக்கொள்ளப்பட்டது. தலைவர்கள் சிறையிலிருந்தது காரணமா, சங்கத்துக்குள் இருந்த பிளவு காரணமா என்பதில் எழுதியவர்கள் ஒத்துப்போவதில்லை.

இப்போராட்டத்தையொட்டிய சதி வழக்கில் அதன் தலைவர்களான ம. சிங்காரவேலருக்கும் முகுந்தலால் சர்க்காருக்கும் பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அப்போது சிங்காரவேலருக்கு வயது 68. மேல்முறையீட்டில் அவரது தண்டனை பதினெட்டு மாதமாகக் குறைந்தது. பெருமாள் என்ற தொழிலாளி ஆயுள் தண்டனை பெற்றார். தலைவரின் பெயரோடு சேர்த்து நினைக்கவேண்டிய பெயர் அது.

1946 வேலைநிறுத்தத்தின்போது, செப்டம்பர் 5 அன்று பொன்மலையில் மலபார் சிறப்புக் காவல் படை சுட்டதில் ஐந்து தொழிலாளர் இறந்தனர். அந்நாள் இன்றும் பொன்மலை தியாகிகள் நாளாக அனுசரிக்கப்படுகிறது.

1974 மே 8 முதல் 27 வரை ஜார்ஜ் பெர்னாண்டஸ் தலைமையில் நடந்த நாடுதழுவிய வேலைநிறுத்தத்தில் தெற்கு இரயில்வே ஊழியரும் பங்கேற்றனர். அப்போது மறுக்கப்பட்ட போனஸ் 1979இல் கிடைத்தது.

2024 டிசம்பரில் தெற்கு இரயில்வேயில் நடந்த ரகசிய வாக்கெடுப்பில் எஸ்.ஆர்.எம்.யு., டி.ஆர்.இ.யு. ஆகிய இரு சங்கங்கள் அங்கீகாரம் பெற்றன.